கோள் எது, எது இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைநோக்கியில் சனியின் வளையத்தைப் பார்த்து வாய்பிளந்தவர், நகர்வதற்கு முன் கேட்கும் கேள்வி பெரும்பாலும் சனியைப் பற்றியதாக இருக்காது. "புளூட்டோவை ஏன் சார் எடுத்துவிட்டார்கள்?" என்பதாகத்தான் இருக்கும். புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கி 2006-இல் எடுத்த முடிவு, இன்னும் ஆறவில்லை. பொதுமக்களுக்கு மட்டும்தான் ஆறவில்லை என்றால் பழைய பாசம் என்று விட்டுவிடலாம். கோள்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்களில் கணிசமானோர் அந்த முடிவை ஏற்கவில்லை. தங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் புளூட்டோவைக் கோள் என்றே எழுதிவருகிறார்கள். அப்படி என்னதான் சண்டை என்று கேட்பவர்களுக்காக இந்தக் கேள்விகளும் பதில்களும்.

சூரியக் குடும்பத்தில் கோள்கள் எத்தனை?

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் கணக்கில் எட்டு: புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். தேர்வில் எழுத வேண்டிய விடையும் இதுதான்.

எதிர்த்தரப்பின் கணக்கு ஒன்பது அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர்கள் கணக்கில் நூறுக்கும் மேல். நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த அந்த ஒன்பதுக்கு இரண்டு தரப்பிலும் இடமில்லை.

2006-ஆம் ஆண்டின் வரையறை என்ன சொல்கிறது?

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் நடந்த ஒன்றியத்தின் பொதுப்பேரவையில் நிறைவேறியது அது. ஒரு பொருள் கோள் ஆக வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள். ஒன்று, சூரியனைச் சுற்ற வேண்டும். இரண்டு, தன் சொந்த ஈர்ப்பு விசையாலேயே ஏறக்குறைய உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு நிறை இருக்க வேண்டும். மூன்று, தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும்.

முதல் இரண்டிலும் தேறி மூன்றாவதில் தவறினால், அது இன்னொன்றுக்குத் துணைக்கோளாகவும் இல்லையென்றால், அதன் பெயர் குறுங்கோள். புளூட்டோ அங்கேதான் விழுந்தது. கூடவே செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சீரிஸ், நெப்டியூனுக்கு அப்பால் உள்ள ஏரிஸ். 2008-இல் மாகேமாகேயும் ஹவ்மேயாவும் சேர்ந்தன.

குறுங்கோள் என்றால் சிறிய கோள்தானே? அப்படியானால் அதுவும் கோள்தானே?

தமிழில் படித்தாலும் ஆங்கிலத்தில் படித்தாலும் அப்படித்தான் தொனிக்கிறது. ஆனால் ஒன்றியத்தின் தீர்மானப்படி குறுங்கோள் கோள் அல்ல. சூரியனையே வானியலில் மஞ்சள் குறுமீன் என்று வகைப்படுத்துகிறார்கள். அதனால் சூரியன் விண்மீன் இல்லை என்று யாராவது சொல்கிறார்களா?

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. 'குறுங்கோள்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 1991-இல் உருவாக்கியவர் ஆலன் ஸ்டெர்ன், பின்னாளில் புளூட்டோவுக்குப் போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தின் தலைமை ஆய்வாளர். கோள்களில் ஒரு பிரிவு என்ற பொருளில்தான் அவர் அதைச் சொன்னார். அந்தச் சொல்லைக் கொண்டே அவருடைய புளூட்டோவை வெளியே தள்ளினார்கள். அவருக்கு இன்றும் கோபம் தணியாததில் வியப்பில்லை.

2006-க்கு முன்னால் கோளுக்கு வரையறையே இல்லையா?

இல்லை. யாரும் உட்கார்ந்து எழுதிவைத்ததில்லை. பார்த்தால் தெரியும் என்ற அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

பழங்கால கிரேக்கர்களின் சொல்லுக்கு 'அலைவது' என்று பொருள். நிலைத்த விண்மீன்களுக்கிடையே இடம் மாறுவதெல்லாம் கோள். அந்தக் கணக்கில் சூரியனும் நிலவும் கோள்கள், பூமி கோள் அல்ல. அந்த ஏழையும் பார்க்க வேண்டுமானால் நாட்காட்டியைத் திறந்தால் போதும்: ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்ததும் சூரியன் பட்டியலிலிருந்து போனது, பூமி உள்ளே வந்தது. ஒரு பொருளின் தன்மை துளியும் மாறாமல் அதன் வகை மட்டும் மாறியது புளூட்டோவுக்கு முன்பே நடந்த கதைதான்.

நிலவுகளின் கதை இன்னும் குழப்பமானது. 1610-இல் வியாழனைச் சுற்றும் நான்கைக் கண்ட கலிலியோ அவற்றைக் கோள்கள் என்றும் எழுதினார். 1673-இல் சனியைச் சுற்றும் இரண்டு புதியவற்றை அறிவித்த காசினி, 'சனியைச் சுற்றும் இரண்டு புதிய கோள்கள்' என்றே தலைப்பிட்டார். நிலவுகளையும் கோள் என்று கூப்பிடலாம் என்று இன்று சிலர் சொல்லும்போது நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. ஆனால் அது பழைய வழக்கம்.

இதற்கு முன் வேறு ஏதாவது கோளை நீக்கியிருக்கிறார்களா?

சீரிஸ். 1801 ஜனவரி 1 அன்று பலேர்மோவில் ஜுசெப்பே பியாட்சி அதைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு கோள் இருக்க வேண்டும் என்று பலர் தேடிக்கொண்டிருந்த காலம். கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த ஆண்டே பல்லஸ். 1804-இல் ஜூனோ, 1807-இல் வெஸ்டா. ஒரே இடத்தில் நான்கு. வில்லியம் ஹெர்ஷல் 1802-லேயே இவற்றுக்குத் தனிப் பெயர் வைக்கலாம் என்றார் (நாம் இன்று சிறுகோள் என்பது அதுதான்). ஆனாலும் அவை கோள் பட்டியலில் பல பத்தாண்டுகள் நீடித்தன. 1845-இல் ஐந்தாவது சேர்ந்தது. மறு ஆண்டு நெப்டியூன் கிடைத்தபோது எண்ணிப் பார்த்தால் அது பதின்மூன்றாவது கோள். 1851-க்குள் சிறுகோள்களே பதினைந்து ஆகிவிட்டன. அதற்கு மேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தனியாக எண் கொடுத்து ஒதுக்கிவிட்டார்கள்.

இப்படித்தான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். கூட்டமாக இருப்பது கோள் ஆகாது என்று அப்போதே முடிவாகிவிட்டது, புளூட்டோவுக்கும் அதே நியாயம்தான் என்பது இதன் உட்பொருள். ஃபிலிப் மெட்ஸ்கரும் உடன் ஆய்வாளர்களும் பழைய கட்டுரைகளைத் தோண்டிப் பார்த்து 2019-இல் இதை மறுத்தார்கள். ஆய்வுலகில் சிறுகோள்களைக் கோளின் ஒரு வகையாகவே 1950-கள் வரை எழுதிவந்தார்கள். அவை மோதலில் சிதறிய துண்டுகள், உருவான விதமே வேறு என்று தெரிந்த பிறகுதான் வழக்கு மாறியது என்பது அவர்கள் வாதம். ஒரே வரலாற்றை இரண்டு தரப்பும் தனக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறது!

புளூட்டோ 76 ஆண்டுகள் கோளாக இருந்ததே, திடீரென்று என்ன ஆயிற்று?

திடீரென்று இல்லை. புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே இளைத்துக்கொண்டு வந்தது.

நெப்டியூனுக்கு அப்பால் பூமியைப் போல் ஆறேழு மடங்கு நிறையுள்ள ஒன்று இருக்கும் என்று பெர்சிவல் லோவல் கணக்கிட்டிருந்தார். அவர் அமைத்த வானாய்வகத்தில் கிளைட் டோம்பா 1930 பிப்ரவரி 18 அன்று கண்டெடுத்தது மங்கலான ஒரு புள்ளி. எதிர்பார்த்ததைவிட மிக மங்கல். முதலில் பூமி அளவு நிறை என்றார்கள், பிறகு பூமியில் பத்தில் ஒரு பங்கு, பிறகு நூறில் ஒரு பங்கு. 1978-இல் ஜேம்ஸ் கிறிஸ்டி அதன் துணை கேரனைக் கண்டுபிடித்த பிறகுதான் ஒழுங்காக எடைபோட முடிந்தது. இன்றைய கணக்கில் அது நம் நிலவின் நிறையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மதிப்பீடு இறங்கிய வேகத்தை வரைபடமாகப் போட்டு, 1980-களில் புளூட்டோ முற்றிலும் மறைந்துவிடும் என்று இரு விஞ்ஞானிகள் கேலிக் கட்டுரையே எழுதினார்கள்.

நிறை குறைந்தது ஒரு பக்கம். தனிமை போனது இன்னொரு பக்கம். 1992-இல் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு சிறு பொருளைப் பிடித்தார்கள். பிறகு பத்து, நூறு, ஆயிரம். கைப்பர் பட்டை என்ற பெரும் கூட்டமே அங்கே இருந்தது. புளூட்டோ அந்தக் கூட்டத்தில் நம் கண்ணில் முதலில் பட்டது, அவ்வளவுதான்.

கடைசி அடி 2005 ஜூலையில் விழுந்தது. மைக் பிரவுன், சாட் ட்ருஹியோ, டேவிட் ரபினோவிட்ஸ் மூவரும் இன்று ஏரிஸ் என்று நாம் சொல்வதை அறிவித்தார்கள். அது புளூட்டோவைவிடப் பெரியது என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் விட்டத்தில் புளூட்டோதான் ஒரு நூலிழை பெரியது (புளூட்டோ சுமார் 2,377 கி.மீ., ஏரிஸ் சுமார் 2,326 கி.மீ.). ஆனால் நிறையில் ஏரிஸ் கால் பங்குக்கும் கூடுதல். ஆகவே இரண்டே வழி: ஏரிஸைப் பத்தாவது கோளாகச் சேர்த்து, இனி வருவதையும் சேர்த்துக்கொண்டே போவது; இல்லை, புளூட்டோவை இறக்குவது. கிரேக்கப் புராணத்தில் ஏரிஸ் சண்டை மூட்டும் தேவதை. வாக்கெடுப்பு முடிந்த பிறகு, 2006 செப்டம்பரில், தெரிந்தேதான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

பிராகில் என்ன நடந்தது?

மேசைக்கு முதலில் வந்த வரைவு வேறு. ஓவன் கிங்கெரிச் தலைமையிலான எழுவர் குழு தயாரித்தது. விண்மீனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், அவ்வளவே போதும். அதன்படி கோள்கள் பன்னிரண்டு: இருந்த ஒன்பதோடு சீரிஸ், ஏரிஸ், கேரன்.

கேரன் எப்படி? புளூட்டோவும் கேரனும் ஒன்றையொன்று சுற்றும் பொது மையம் புளூட்டோவுக்கு வெளியே, வெட்டவெளியில் இருக்கிறது. ஆகவே அது துணைக்கோள் அல்ல, இரட்டைக் கோள் என்றது வரைவு. உடனே ஒருவர் எழுந்து கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. பூமிக்கும் நிலவுக்கும் பொதுவான மையம் இப்போது பூமிக்குள்ளே, தரைக்குக் கீழே சுமார் 1,700 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. விலகல் இப்படியே தொடர்ந்தால் என்றோ ஒருநாள் அந்த மையம் பூமியைவிட்டு வெளியே வரும். அன்று காலையில் நிலவு கோளாகிவிடுமா?

வரைவை எதிர்த்து நின்றவர்களில் உருகுவேயின் ஹூலியோ ஃபெர்னாண்டெஸும் கொன்சாலோ தான்கிரெடியும் முக்கியமானவர்கள். கோள் என்பது தன் இடத்தில் ஆதிக்கம் செலுத்தும் பொருள் என்பது அவர்கள் முன்வைத்த மாற்று. ஒரு வாரத்துக்கு மேல் வாக்குவாதம். கடைசி நாளில் மஞ்சள் அட்டைகளை உயர்த்தி வாக்களித்தார்கள். 'கோள்' என்ற பெரிய குடையின் கீழ் மரபுக் கோள்களும் குறுங்கோள்களும் ஒன்றாக நிற்கட்டும் என்று ஒரு சமரசத் தீர்மானமும் வந்தது. அதை விளக்க வானியலாளர் ஜோசலின் பெல் பர்னெல் மேடையில் நிஜமாகவே ஒரு குடையைப் பிடித்துக் காட்டினார். தீர்மானம் தோற்றது. அந்தக் குடை ஜெயித்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

வெறும் 424 பேர் வாக்களித்து எப்படி முடிவு செய்யலாம்?

ஒன்றியத்தில் அப்போது ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். வாக்களித்தவர்கள் 424 பேர். கடைசி நாளன்று அரங்கில் இருந்தவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும் என்பது விதி. அதற்குள் பலர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். முடிவு வந்த சில நாட்களிலேயே சுமார் 300 விஞ்ஞானிகள் இதை ஏற்க மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள்.

எண்ணிக்கை குறைவு என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. எல்லாப் பேரவைகளிலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஒரு சொல்லின் அறிவியல் பொருளை வாக்கெடுப்பால் முடிவு செய்யலாமா என்பது வேறு கேள்வி. எது பாலூட்டி, எது ஊர்வன என்று உயிரியலாளர்கள் கை தூக்கி முடிவு செய்ததில்லை. பயன்பாட்டில் படிந்து வந்தது. இங்கே அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது: ஏரிஸுக்குப் பெயர் வைக்க வேண்டும், கோளுக்கு ஒரு குழு பெயர் வைக்கும், சிறு பொருளுக்கு இன்னொரு குழு. எந்தக் குழுவிடம் விவகாரத்தை அனுப்புவது என்று தெரியாமல் நின்றதும் இந்த வரையறைக்கு ஒரு தூண்டுதல்.

'துப்புரவாக்குதல்' என்றால் என்ன? பூமியின் அருகிலும் சிறுகோள்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. பூமியின் பாதையை நெருங்கி வரும் சிறுகோள்கள் முப்பதாயிரத்துக்கும் மேல் தெரிந்திருக்கின்றன. வியாழனுக்கு முன்னும் பின்னும் அதே பாதையில் ட்ரோஜன்கள் எனப்படும் சிறுகோள்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. நெப்டியூனின் பாதையைப் புளூட்டோவே கடக்கிறது. 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் ஒரு கோளும் தேறாது. சொற்களைத் தேர்ந்ததில் கோட்டை விட்டார்கள் என்பதை ஆதரவாளர்களே ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் சொல்ல வந்தது பொய்யல்ல. பெருக்கிய தரை என்பதைவிட, யார் சொல் அங்கே எடுபடுகிறது என்று பாருங்கள். அந்த ட்ரோஜன்களை அங்கே கட்டி வைத்திருப்பது வியாழனின் ஈர்ப்புதான். நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கிறது. அந்தத் தாளத்தை நிர்ணயிப்பது நெப்டியூன், புளூட்டோ அதற்கு ஆடுகிறது. அதனால்தான் பாதைகள் குறுக்கிட்டும் இரண்டும் நெருங்குவதே இல்லை.

இதை எண்ணாலும் காட்டலாம். ஸ்டீவன் சோட்டர் 2006-இல் ஒவ்வொரு பொருளின் நிறையையும் அதே மண்டலத்திலுள்ள மற்ற எல்லாவற்றின் மொத்த நிறையோடு ஒப்பிட்டார். பூமி, தன் மண்டலத்தின் மிச்சம்மீதியைப் போல் சுமார் 17 லட்சம் மடங்கு. சீரிஸ் மூன்றில் ஒரு பங்கு. புளூட்டோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2015-இல் ஜான்-லுக் மார்கோ வேறொரு சூத்திரம் தந்தார்: பொருளின் நிறை, சூரியனிலிருந்து தூரம், விண்மீனின் நிறை, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். விடை ஒன்றுக்கு மேல் போனால் கோள். எட்டில் கடைசியாக வரும் செவ்வாய்க்கே 54. புளூட்டோவுக்கு 0.03-ஐ ஒட்டி. நடுவில் யாருமே இல்லை.

இந்த இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எட்டு என்ற எண்ணை யாரும் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. கோடு எங்கே போட்டாலும், அந்தப் பெரிய பள்ளத்துக்குள் எங்காவது விழும்வரை, விடை எட்டுதான் வருகிறது. முதலில் இப்படி ஒரு அளவுகோலை உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? ஹரால்ட் லெவிசனும், அதே ஆலன் ஸ்டெர்னும். எட்டு பெரிய கோள்களையும் மற்றவற்றையும் பிரித்துக் காட்டியது அவர்களின் 2002-ஆம் ஆண்டுக் கட்டுரைதான். இரண்டு வகையும் கோள்களே என்று அவர்கள் அதில் சொன்னதை மட்டும் பிராகில் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படியானால் எதிர்ப்பாளர்களின் குறை என்ன?

"ஒரு பொருள் என்ன என்பதை அதன் உள்ளே பார்த்துச் சொல்லுங்கள், அது நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள்." சுருக்கமாக இதுதான். இவர்களில் பெரும்பாலோர் கோள்களின் பாறை, பனி, எரிமலை, வளிமண்டலம் ஆகியவற்றை ஆராய்பவர்கள். எதிரே நிற்பவர்களில் பலர் சுற்றுப்பாதைகளின் கணக்கைப் பார்ப்பவர்கள். ஒருவர் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார், மற்றவர் தெரு வரைபடத்தைப் பார்க்கிறார்.

ஸ்டெர்ன் அடிக்கடி வைக்கும் வாதம்: பூமியைத் தூக்கிச் சூரியனிலிருந்து வெகுதொலைவில் வைத்தால் அதுவும் தன் பாதையைத் துப்புரவாக்காது. தூரம் கூடக்கூட மண்டலம் பெரிதாகிறது, ஓட்டம் மெதுவாகிறது, வேலை கடினமாகிறது. மார்கோவின் சூத்திரத்தில் நானே போட்டுப் பார்த்தேன். புளூட்டோவின் இடத்தில் பூமி தேறிவிடுகிறது; புதனை வைத்தால் தேறவில்லை. அதாவது வாதம் பூமிக்குப் பொருந்தவில்லை, ஆனால் இடம் மாறினால் தகுதி மாறும் என்ற அடிப்படைக் குறை உண்மை.

2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவைக் கடந்தபோது இவர்கள் தரப்புக்குப் பெரிய பலம் கிடைத்தது. செத்துக் கிடக்கும் பனிக்கட்டி என்று நினைத்த இடத்தில், மெல்லப் புரளும் நைட்ரஜன் பனிச் சமவெளி, ஆயிரக்கணக்கான மீட்டர் உயரத்தில் தண்ணீர்ப் பனி மலைகள், நீல நிறப் புகைமூட்டம். அடியில் கடல் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் வேறு. இத்தனையும் நடக்கிற இடத்தைக் கோள் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது என்றார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது நானும் ஒரு கணம் கட்சி மாறினேன்.

அவர்கள் சொல்லும் வரையறை எது?

2017-இல் கர்பி ரன்யனும் ஸ்டெர்னும் வேறு சிலரும் முன்வைத்தது: விண்மீனைவிட நிறை குறைந்த, உள்ளே ஒருபோதும் அணுக்கருப் பிணைப்பு நடக்காத, தன் ஈர்ப்பால் உருண்டையான எதுவும் கோள். எதைச் சுற்றுகிறது என்பது பொருட்டே அல்ல. அதன்படி சூரியக் குடும்பத்தில் ஏறத்தாழ 110. நம் நிலவு, கனிமீடு, டைட்டன், யூரோப்பா எல்லாம் இதில் அடங்கும்.

கேட்க விந்தையாக இருந்தாலும், கனிமீடின் விட்டம் 5,268 கி.மீ., புதனின் விட்டம் 4,879 கி.மீ. என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டைட்டனும் புதனைவிட அகலம், அதற்கு அடர்த்தியான காற்று மண்டலம் வேறு. தரையியல் படிப்பவருக்கு டைட்டன் ஒரு கோளைப் போலத்தான் நடந்துகொள்கிறது.

உருண்டையாக இருப்பது என்ற நிபந்தனையாவது தெளிவானதுதானே?

அதுவும் இல்லை. சனியின் நிலவு மைமாஸ் சுமார் 396 கி.மீ. விட்டம், உருண்டை. நெப்டியூனின் நிலவு புரோட்டியஸ் அதைவிடச் சற்றுப் பெரியது, கரடுமுரடான கட்டி. வெஸ்டா ஒரு காலத்தில் உருண்டையாக இருந்து, தென்முனையில் வாங்கிய பெரும் மோதலில் வடிவம் கெட்டது. ஹவ்மேயா நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும் வேகத்தில் முட்டை போல் நீண்டுவிட்டது; அதுவும் பட்டியலில் இருக்கிறது. கறாராக அளந்தால், புதனின் வடிவம்கூட அதன் இன்றைய சுழற்சிக்கு ஏற்ற சமநிலை வடிவம் அல்ல. அதற்காகப் புதனை யாரும் வெளியேற்றவில்லை.

தவிர, கைப்பர் பட்டையின் பெரும்பாலான பொருட்கள் நம் தொலைநோக்கிகளில் வெறும் புள்ளிகள். உருண்டையா என்று எதைக்கொண்டு பார்ப்பது?

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களுக்கு இந்த வரையறை பொருந்துமா?

பொருந்தாது. 'சூரியனை' என்று எழுதிவைத்துவிட்டார்கள். 1995-இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோஸும் 51 பெகாசி பி என்ற புறக்கோளைக் கண்டுபிடித்துப் பதினோரு ஆண்டுகள் கழித்து எழுதிய வரையறை இது! இன்று உறுதியான புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐ எட்டிவிட்டது. கறாராகப் படித்தால் அவற்றில் ஒன்றுகூடக் கோள் அல்ல. 2006-இன் குறைகளில் மன்னிக்க முடியாதது இதுதான் என்பேன். புளூட்டோ விவகாரம் உணர்ச்சி சம்பந்தப்பட்டது. இது சோம்பல்.

புறக்கோள்களுக்கு ஒன்றியம் தனியாக ஒரு தற்காலிக வரையறை வைத்திருக்கிறது. அதில் கீழ் எல்லை நம் சூரியக் குடும்பத்தில் பின்பற்றுவதே. மேல் எல்லைதான் அங்கே தலைவலி. வியாழனைப் போல் சுமார் 13 மடங்கு நிறைக்கு மேல் போனால் உள்ளே டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) அணுக்கருப் பிணைப்பில் எரியத் தொடங்கும். அதற்கு மேல் பழுப்புக் குறுமீன் (விண்மீனாகும் அளவுக்கு நிறை இல்லாதது), கீழே கோள் என்று கோடு. ஆனால் உருவான விதத்தைப் பார்த்தால் இந்தக் கோடு கலைந்துவிடுகிறது. இளம் விண்மீனைச் சுற்றியுள்ள வட்டின் தூசியில் திரண்டு உருவானது 13-ஐத் தாண்டலாம். விண்மீனைப் போல் வாயு மேகம் சரிந்து உருவானது 13-க்குக் கீழேயும் இருக்கலாம். 2018-இல் இன்னொரு நிபந்தனை சேர்த்தார்கள்: சுற்றும் பொருளின் நிறை மையப் பொருளின் நிறையில் 25-இல் ஒரு பங்குக்குக் கீழ் இருக்க வேண்டும்.

எதையும் சுற்றாமல் தனியாக அலைபவை?

உண்டு. 2013-இல் அறிவிக்கப்பட்ட பிஎஸ்ஓ ஜே318.5-22 வியாழனைப் போல் சில மடங்கு நிறையுள்ளது, அருகில் விண்மீனே இல்லை. ஒன்றியத்தின் கணக்கில் இத்தகையவை கோள் அல்ல. ஆனால் ஒரு விண்மீனைச் சுற்றிப் பிறந்து, பிறகு உந்தித் தள்ளப்பட்ட ஒன்றை, தள்ளப்பட்ட நாள் முதல் கோள் இல்லை என்பதா? 'அனாதைக் கோள்' என்று எழுதாத கட்டுரையாளர் குறைவு. சொல் தீர்மானத்தைக் கேட்பதில்லை.

புதிய வரையறை ஏதும் வருகிறதா?

2024-இல் மார்கோ, பிரெட் கிளாட்மன், டோனி யாங் மூவரும் ஒன்றை முன்வைத்தார்கள்: விண்மீனையோ, பழுப்புக் குறுமீனையோ, செத்த விண்மீனின் எச்சத்தையோ சுற்ற வேண்டும்; நிறை 10-இன் 23-ஆம் அடுக்கு கிலோவுக்கு மேல், வியாழனின் 13 மடங்குக்குக் கீழ். அவ்வளவே. உருண்டையா, துப்புரவா என்ற கேள்விகள் இல்லை. அந்த நிறை இருந்தால் இரண்டும் பெரும்பாலும் தானே அமைந்துவிடும் என்பது கணக்கு. புதன் தாராளமாக உள்ளே. புளூட்டோவின் நிறை இந்த எல்லையில் எட்டில் ஒரு பங்குதான். கேப் டவுனில் அதே ஆண்டு நடந்த பொதுப்பேரவையில் இதை விளக்கினார்கள், வாக்கெடுப்பு நடக்கவில்லை. தரையியல் தரப்புக்கு இதிலும் ஒன்றும் கிடைக்காது. ஆனால் புறக்கோள்களை ஒரே விதிக்குள் கொண்டுவருகிறது, எல்லாமே அளக்கக்கூடிய எண்கள். அந்த வகையில் இது பழையதைவிட நேர்மையானது.

பெயரில் என்ன இருக்கிறது? விஞ்ஞானிகளுக்கு இதனால் என்ன நஷ்டம்?

அன்றாட ஆய்வுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இன்னதை இன்ன பொருளில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். அரிசோனா மாநிலம் 2024-இல் புளூட்டோவைத் தன் அதிகாரபூர்வக் கோள் என்று சட்டமே போட்டுவிட்டது. லோவல் வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது.

பாதிப்பு பாடப்புத்தகத்தில். எட்டுப் பெயரை மனப்பாடம் செய்வதோடு கதை முடிந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். டைட்டனில் மீத்தேன் மழை பெய்கிறது, யூரோப்பாவின் பனிக்கடியில் கடல் இருக்கிறது என்பவை 'துணை' என்ற சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கின்றன. இதில் மெட்ஸ்கர் தரப்பின் வருத்தம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

நீங்கள் எந்தக் கட்சி?

எட்டும் மற்றவையும் வேறு வேறு என்பதில் பிராக் பக்கம். மற்றவற்றைக் கோள் குடும்பத்திலிருந்தே தள்ளியதில் ஸ்டெர்ன் பக்கம். பெல் பர்னெலின் குடைக்குக் கீழே நின்றிருப்பேன்.

சரி, புளூட்டோவைத் தொலைநோக்கியில் காட்ட முடியுமா?

சிறிய தொலைநோக்கியில் முடியாது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிடவும் ஆயிரம் மடங்குக்கு மேல் மங்கல். 1989-இல் சூரியனை மிக நெருங்கியது. அதன்பின் விலகிப் போய்க்கொண்டிருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு இன்னும் மங்குகிறது. பத்துப் பன்னிரண்டு அங்குல ஆடி, நல்ல இருட்டு, நல்ல வரைபடம் மூன்றும் வேண்டும். அப்போதும் தெரிவது சுற்றியுள்ள நூறு புள்ளிகளில் ஒரு புள்ளி. எது புளூட்டோ என்று அன்றைக்கே உறுதியாகச் சொல்வது கடினம். புள்ளிகளை வரைந்துகொண்டு, சில இரவு கழித்து அதே இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். டோம்பாவும் ஆறு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். இடம் மாறியிருக்கிறதே ஒரு புள்ளி, அதுதான்.